தறிவீட்டு வரவு செலவு: தொட்டில் முதல் உயில் வரை

(பங்கின் பொன்விழாவையொட்டி, குடும்ப நாளன்று ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

குடும்ப நாளில் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று நான் கேட்டேன். "உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார்கள். எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். வங்கி மேசையின் பின்னால் உட்கார்ந்து பிறருடைய பணத்தை எண்ணியே தலை நரைத்தவன் நான். கோவில் வளாகத்தில் பணத்தைப் பற்றிப் பேசலாமா என்று யாரும் தயங்க வேண்டாம். குடும்பத்தில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை பணத்தில்தான் தொடங்குகின்றன என்பது நம் பங்குச் சுவாமிக்கும் தெரியும். அவர் வெளியே சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

நம் வட்டாரத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு பழம்பெருமை உண்டு. பட்டுக்கும் கோவில்களுக்கும் காஞ்சிபுரம் பேர்பெற்றது என்று உலகம் அறியும். ஆனால் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் பதிவானதும் அதே காஞ்சிபுரத்தில்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்த ஆண்டுதான் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே 1904-ல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் தொடங்கியது. சென்னை மாகாண அதிகாரியாக இருந்த பிரெடரிக் நிக்கல்சன் என்பவர் ஐரோப்பிய நாடுகளின் கிராம வங்கிகளை ஆராய்ந்து, 1895-லும் 1897-லும் இரண்டு பாகமாக அறிக்கை கொடுத்திருந்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்ற ஊர்த் தலைவர், வட்டிக்காரர்களிடம் சிக்கிய குடியானவர்களைச் சங்கமாகச் சேர்த்துக் காப்பாற்றிய வழியை நம் நாட்டுக்கும் கொண்டுவர வேண்டும் என்பது அவர் கருத்து. ஏழைகள் தனித்தனியாக நின்றால் அவர்களை நம்பி எவரும் கடன் கொடுப்பதில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒருவருக்கொருவர் ஜாமீனாக நின்றால் கொடுக்கிறார்கள். இந்தச் சிறிய உண்மையின் மேல்தான் அத்தனை சங்கங்களும் எழுந்தன.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1906 அக்டோபர் 22-ஆம் தேதி, சென்னையில் அர்பத்நாட் என்ற பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி கதவை மூடியது. பெரிய மனிதர்களும் விதவைகளும் ஓய்வு பெற்றவர்களும் போட்டிருந்த பணம் போயிற்று. அதன் தலைவர் சிறைக்குப் போனார். போன பணம் முழுதாகத் திரும்பவில்லை. அந்த அடியிலிருந்துதான் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. காஞ்சிபுரத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த சங்கம் ஒரு பக்கம், சென்னையில் பெரிய பெயரை நம்பிக் கொட்டிய பணம் ஒரு பக்கம். இந்த இரண்டு வழிகளும் இன்றும் நம் வீட்டு வாசலில் நிற்கின்றன.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தறி வைத்திருக்கும் குடும்பத்தின் வருமானம் மாதச் சம்பளம் போல ஒழுங்காக வருவதில்லை. பாவு ஒன்று ஏற்றினால் மூன்று நான்கு சேலை. ஒரு சேலை அறுத்துக் கொடுத்த நாளில்தான் கூலி. கோர்வைச் சேலையானால் இரண்டு பேர் உழைப்பு. முகூர்த்தக் காலத்தில் வேலை நெருக்கும், ஆடியில் தளரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் தண்ணீர் ஊறும், பாவு காயாது, கை சும்மா இருக்கும். வயிறு மட்டும் சும்மா இராது. ஆகவே ஆண்டு முழுதும் வரும் கூலியைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, அதுதான் நம் மாத வருமானம் என்று முதலில் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நல்ல மாதத்தின் கூலியை வைத்துக்கொண்டு அதுவே எப்போதும் வரும் என்று தவணைக்குப் பொருள் வாங்கினால், மழை மாதத்தில் அந்தத் தவணையைக் கட்ட வேறு கடன் வாங்க வேண்டி வரும்.

நம் தாமல் ஏரியைப் பாருங்கள். மழை பெய்கிற சில வாரங்களில் வந்த நீர்தான் பல மாதத்துக்கு வயலுக்குப் போகிறது. இடையில் மதகு ஒன்று இருக்கிறதல்லவா? சேலை அறுத்த நாளன்று, அரிசிக்காரருக்குக் கொடுப்பதற்கும் முன்னால், ஒரு பங்கை எடுத்து வைப்பதுதான் நம் வீட்டு மதகு. மிச்சமானால் சேமிப்போம் என்பவர்கள் வீட்டில் மிச்சம் ஆனதை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை. மூன்று மாதச் சாப்பாட்டுச் செலவு அளவுக்கு ஒரு தொகை தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கிலோ வங்கியிலோ கிடக்கட்டும். அதற்கு வட்டி குறைவுதான். அந்தப் பணத்தின் வேலை வட்டி சம்பாதிப்பதல்ல. மழை மாதத்தில் நம்மை முதலாளி வீட்டு வாசலுக்கு அனுப்பாமல் இருப்பது.

முதலாளி வீட்டு வாசல் என்றேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் தறிக்காரர்களைக் கட்டிப்போட்டிருக்கும் கயிறு இதுதான். மூத்த நெசவாளரிடம், அதாவது பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளியிடம், முன்பணம் வாங்குகிறோம். வட்டி இல்லை என்று மகிழ்கிறோம். உதாரணத்துக்கு 50,000 ரூபாய் முன்பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தீரும்வரை வேறு இடத்தில் நெய்யப் போக முடியாது. வேறு இடத்தில் சேலைக்கு 300 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தாலும் வாயைத் திறக்க முடியாது. ஆண்டுக்கு 25 சேலை நெய்தால் 7,500 ரூபாய் நஷ்டம். 50,000-க்கு 7,500 என்றால் நூற்றுக்குப் பதினைந்து. வட்டியில்லாக் கடன் என்று நினைத்தோம்; உண்மையில் பதினைந்து சதவீத வட்டிக் கடன், அதுவும் அசல் குறையாத கடன். எல்லா முதலாளிகளும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆபத்துக்கு உதவியவர்கள் உண்டு. ஆனால் கணக்கு கணக்குதான்.

இந்த முன்பணத்துக்காகப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தறியில் உட்கார வைத்த காலத்தை இங்குள்ள முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1976-ல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கடனுக்காக ஒரு மனிதனை வேலையில் பிணைத்து வைப்பது செல்லாது என்று சொல்லிவிட்டது. அதன் பிறகும் காஞ்சிபுரப் பட்டுத் தறிகளில் குழந்தைகள் இருந்தார்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்க, தகப்பன் கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளில் பலர் பள்ளியில் இருந்திருப்பார்கள். சேமிப்பு என்பது பணக்காரர் விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கூட்டுறவுச் சங்கத்தில் நெய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கூலியில் ரூபாய்க்கு 8 பைசா பிடித்துச் சேமிப்பு நிதியில் வைக்கிறார்கள். அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. பிடித்தம் என்றவுடன் முகம் சுளிக்கிறோம். நான் கேட்கிறேன், நீங்கள் போட்ட பணத்தோடு இன்னொருவர் பணமும் சேர்த்துத் தருகிற இடம் வேறெங்கே இருக்கிறது? ஆண்டுக்கு ஒருமுறை சங்கத்துக்குப் போய், உங்கள் பெயரில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கடன் வாங்காமல் வாழ முடியுமா என்று கேட்பீர்கள். எல்லாராலும் முடியாது. ஆனால் கடனுக்குக் கடன் வித்தியாசம் உண்டு. தண்டல்காரர் 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுக்கிறார். நாளொன்றுக்கு 100 வீதம் 100 நாள் கட்டுகிறோம். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிட்டுப் பார்த்தால், அது ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீத வட்டி. மாதம் நூற்றுக்கு மூன்று என்பதே ஆண்டுக்கு 36. தண்டல், கந்து வட்டி, மீட்டர் வட்டி இவற்றையெல்லாம் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் தடை செய்திருக்கிறது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்துக்கோ மாவட்ட ஆட்சியருக்கோ மனுக் கொடுக்கலாம். தனியாகப் போகப் பயமாக இருந்தால் பங்கில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அவசரத்துக்கு நகையை அடகு வைப்பதாயின் வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1462-ல் இத்தாலியில் பெருஜியா நகரத்தில், வட்டிக் கொடுமையிலிருந்து ஏழைகளைக் காப்பாற்றப் பிரான்சிஸ்கன் துறவிகள் அடகுக் கடையே நடத்தினார்கள். சிறு வட்டி வாங்கலாமா கூடாதா என்று திருச்சபையில் பெரிய வாதம் நடந்து, 1515-ல் பாப்பரசர் பத்தாம் லியோ அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அடகு வைத்த அன்றே மீட்கும் தேதியையும் நாட்காட்டியில் குறிக்க வேண்டும். 2021-ல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரையான நகைக் கடன்களைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. அதிலிருந்து, மறுபடியும் தள்ளுபடி வரும் என்று வட்டி கட்டாமல் காத்திருப்பவர்கள் உண்டு. தள்ளுபடி வந்தால் வரட்டும். வராவிட்டால் ஏலம் போவது உங்கள் தாலிக்கொடி.

சீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் தாய்மார்கள் என்னை விடமாட்டார்கள். இருபது பேர், ஆளுக்கு 5,000, இருபது மாதம், சீட்டுத் தொகை ஒரு லட்சம். முதல் மாதம் அவசரக்காரர் ஒருவர் 30,000 தள்ளி 70,000-க்கு எடுக்கிறார். தள்ளிய 30,000-ல் நடத்துபவர் கமிஷன் 5,000 போக, மிச்சம் 25,000 இருபது பேருக்கும் கசராகப் பிரிகிறது, ஆளுக்கு 1,250. எடுத்தவர் இனி 19 மாதம் கட்டியாக வேண்டும். ஆகவே முன்னால் எடுப்பவருக்குச் சீட்டு ஒரு கடன். கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. இது நல்ல ஏற்பாடுதான், அதில் ஐயமில்லை. வங்கி மேலாளர் முகம் கொடுத்துப் பேசாத காலத்தில் நம் குடும்பங்களைத் தாங்கியது சீட்டு. ஆனால் அதன் உயிர் நடத்துபவரின் நாணயத்தில் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, அரசின் முன் அனுமதியும் பதிவும் பெற்றுத்தான் சீட்டு நடத்த வேண்டும். நடத்துபவர் கமிஷன் 5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றிருந்ததை 2019-ல் 7 சதவீதமாக உயர்த்தினார்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் கட்டாதீர்கள். சொந்தக்காரர், ஒரே பங்கு, ஒரே தெரு என்பதெல்லாம் பதிவு எண் ஆகாது.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. 1990-களில் பைனான்ஸ் கம்பெனிகள் மூடி ஓடியபோது, தமிழ்நாட்டில் 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதற்குப் பின்னும் 2022-ல் நம் வடமாவட்டங்களில், ஒரு லட்சம் போட்டால் மாதம் 25,000, 30,000 தருகிறோம் என்றவர்களிடம் மக்கள் வரிசையில் நின்று கட்டினார்கள். நிலத்தை விற்றுக் கட்டியவர்கள் உண்டு. முதலில் சேர்ந்தவர்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்களின் பணத்தை எடுத்துக் கொடுப்பதுதான் அந்த வியாபாரம். வேறு வியாபாரம் எதுவுமில்லை. ஒருவருக்கு மாதாமாதம் பணம் வந்துகொண்டிருக்கிறது என்பது அந்தக் கம்பெனி உண்மையானது என்பதற்கு அத்தாட்சி அல்ல. வங்கியில் போட்ட பணத்துக்கு, வங்கி ஒன்றுக்கு ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு; 2020 பிப்ரவரியில் ஒரு லட்சத்திலிருந்து இவ்வாறு உயர்த்தினார்கள். நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். மாதம் 30 சதவீதம் தருகிறேன் என்பவரிடம் உங்களுக்குக் காப்பீடு எது என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, வாழ்க்கைப் படிகளுக்கு வருவோம்.

பிள்ளை பிறந்தால் திருமுழுக்குக்கு மோதிரம், கொலுசு என்று உறவினர் கொண்டுவருகிறார்கள். பெண் குழந்தையானால், ஞானப் பெற்றோர் நகைக்குப் பதிலாகச் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் கணக்குத் தொடங்கிக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 2015 ஜனவரியில் வந்த திட்டம் இது. பத்து வயதுக்குள் தபால் ஆபீஸில் தொடங்க வேண்டும். ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டாலும் போதும். பதினைந்து ஆண்டு கட்டி, இருபத்தோராம் ஆண்டில் முதிர்கிறது. பதினெட்டு வயதுக்குப் பின் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். 2024 தொடக்கத்தில் வட்டியை 8.2 சதவீதமாக வைத்தார்கள். அதே வட்டி நீடித்தால், மாதம் 1,000 வீதம் கட்டிய 1,80,000 ரூபாய் ஐந்தரை லட்சம் அளவில் வளர்ந்திருக்கும். வட்டி மாறக்கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண் பிள்ளைக்குப் பொது வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி சேரும் என்பதை நினைவில் வையுங்கள்.

புதுநன்மை விருந்தைப் பற்றிப் பேசினால் மனத்தாங்கல் வரும். ஒன்று மட்டும் சொல்கிறேன். வெண்ணிற உடையில் நிற்கும் குழந்தைக்கு பிரியாணி எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது ஒருபோதும் நினைவிருக்காது.

இப்போது இளைஞர்களிடம் பேச வேண்டும். உங்களில் பலர் தறியை விட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறுகிறீர்கள். நல்லது. மாதா மாதம் சம்பளம் என்பது உங்கள் பாட்டனார் காணாத பாக்கியம். அந்தச் சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு வருங்கால வைப்பு நிதிக்குப் போகிறது. முதலாளியும் அதே அளவு போடுகிறார், அதில் ஒரு பகுதி ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஒப்பந்த வேலை முடிந்து கம்பெனி மாறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பணத்தை எடுத்துச் செல்போன் வாங்குகிறீர்கள், வண்டிக்கு முன்பணம் கட்டுகிறீர்கள். மொத்தம் பத்து ஆண்டுப் பணி இருந்தால்தான் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை வரும். நடுநடுவே எடுத்துவிட்டால் அந்த ஆண்டுகள் அழிந்து, மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். உங்கள் எண் ஒன்றுதான். கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. புதுக் கம்பெனியில் பழைய எண்ணையே கொடுங்கள், பணத்தை மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டும் ஒப்பந்தக்காரர் அதை உண்மையிலேயே கட்டுகிறாரா என்று செல்போனிலேயே பார்க்கலாம். படம் பார்க்கும் நேரத்தில் மாதம் ஒருமுறை இதையும் பாருங்கள்.

தறியிலேயே இருக்கும் இளைஞர்களுக்கு அடல் ஓய்வூதியத் திட்டம் உண்டு. வருமான வரி கட்டாதவர்கள் 18 வயதிலிருந்து 40 வயதுக்குள் சேரலாம். அறுபதுக்குப் பின் மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால், 18 வயதில் சேர்ந்தவர் மாதம் 210 ரூபாய் கட்டுகிறார். 40 வயதில் சேர்ந்தவர் அதே 5,000-க்கு 1,454 ரூபாய் கட்ட வேண்டும். அறுபது வயதில் 5,000-க்கு என்ன மதிப்பு இருக்கும் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். அது போதாது. ஆனால் தறிக்குழியில் கால் தொங்கவிட்டு நாற்பது ஆண்டு உட்கார்ந்தவருக்கு முட்டியும் முதுகும் கண்ணும் போன பிறகு, ஒன்றுமில்லாமைக்கும் 5,000-க்கும் உள்ள தூரம் பெரிது.

திருமணம். இங்கேதான் குடும்பங்கள் சறுக்குகின்றன. பத்தாயிரக் கணக்கில் விலைபோகும் பட்டுச் சேலையை நெய்கிற வீட்டிலேயே, மகள் கல்யாணச் சேலைக்குக் கடன் வாங்குகிறார்கள். மூன்று ஆண்டுச் சேமிப்புக்குள் முடியும் கல்யாணம் போதும் என்பது என் கருத்து. வரதட்சணை கேட்கும் வீட்டைப் பற்றி 1961-ஆம் ஆண்டின் சட்டமே சொல்லியிருக்கிறது; நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புதுமணத் தம்பதிகள் முதல் மாதத்திலேயே ஒருவருக்கொருவர் கடனையும் சம்பளத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. கணவன் வாங்கிய தண்டலை மனைவி தண்டல்காரர் வாயால் கேட்டு அறியும் வீடு நம் தெருக்களில் குறைவில்லை.

நோய் வந்தால் சேமிப்பு ஒரு வாரத்தில் கரையும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை. அட்டை இல்லாதவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று யோசிக்காமல் இப்போதே எடுத்து வையுங்கள். வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் 50 வயதுக்குள் சேரும் ஆயுள் காப்பீடும் எடுக்கலாம். இரண்டும் இரண்டு இரண்டு லட்சம். ஆயுள் காப்பீடு என்பது குடும்பத் தலைவர் போனபின் குடும்பம் சாப்பிட. அதைச் சேமிப்பாகக் கருதிப் பெரிய பிரீமியம் கட்டி, நடுவில் விட்டு நஷ்டப்படாதீர்கள்.

கடைசியாக முதுமையும் சொத்தும். இதைப் பேச நம் ஊரில் கூச்சப்படுகிறார்கள். அதனால்தான் அடக்கம் முடிந்த ஏழாம் நாளே அண்ணன் தம்பி பேசாமல் போகிறார்கள்.

அறுபது கடந்தவர்கள் கையிலுள்ள தொகையைப் பிள்ளைகளிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பின்பு மாத்திரைக்குக் கை நீட்டும் நிலை வேண்டாம். தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது; மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி உங்கள் கைக்கு வரும். வீட்டை உயிரோடிருக்கும்போதே பிள்ளை பெயருக்குத் தானசெட்டில்மெண்டு எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், எங்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்படி எழுதியிருந்து பிள்ளை கவனிக்காவிட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கேட்கலாம்.

உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் என்ன ஆகும்? நம்மில் பலர் பக்கத்து வீட்டு இந்துக் குடும்பத்து வழக்கமே நமக்கும் என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். தகப்பன் சொத்தில் பிறப்பாலேயே பங்கு என்பது நமக்கு இல்லை. அவர் உயில் எழுதாமல் இறந்தால், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் என்ற வேறுபாடு அதில் இல்லை. வீடு 12 லட்சம் என்று வைத்துக்கொண்டால், மனைவிக்கு 4 லட்சம்; நான்கு பிள்ளைகளானால் தலைக்கு 2 லட்சம். "மகளுக்குத்தான் சீர் செய்து அனுப்பிவிட்டோமே" என்பது சட்டத்தில் செல்லாது. சகோதரியிடம் விஷயத்தைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கும் சகோதரர்களும் இங்கே இருக்கலாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முன்னாள் திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கு இந்தச் சம உரிமை கிடைக்க மேரி ராய் என்ற அம்மையார் உச்ச நீதிமன்றம் வரை போய், 1986-ல் வென்றார். நமக்கோ வழக்கில்லாமலே இருக்கிறது.

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை. பதிவும் கட்டாயமில்லை, ஆனால் செய்வது நல்லது. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். உயிலால் சொத்துப் பெறுபவரையோ அவர் கணவன் மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள்; அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். விதவையாகவோ மனைவியை இழந்தோ மறுமணம் செய்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர் தர்மத்துக்கோ கோவிலுக்கோ உயில் எழுதுவதற்கு முன்பு தடையான நிபந்தனைகள் இருந்தன. கேரளத்தைச் சேர்ந்த ஜான் வல்லமட்டம் என்ற குருவானவர் தொடுத்த வழக்கில் 2003-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாதென்று தள்ளியது. இருந்தாலும் மனைவியைத் தவிக்கவிட்டுக் கோவிலுக்கு எழுதச் சொல்லும் சுவாமி எவரும் இல்லை.

வங்கிக் கணக்கில் நாமினி எழுதுவதும் உயில் எழுதுவதும் ஒன்றல்ல. வங்கி நாமினியிடம் பணத்தைக் கொடுத்துவிடும். ஆனால் அவர் அதை வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர்தான், சொந்தக்காரர் அல்லர். நாமினியே எழுதாத கணக்கோ இன்னும் மோசம். வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதியவர்கள், அம்மா போய்ப் பத்தாண்டு ஆனபின்னும் மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

எனவே வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு பள்ளிக்கூட வராந்தாவில் நானும், வங்கியிலும் தபால் ஆபீஸிலும் வேலை பார்த்த நம் பங்கு நண்பர்கள் சிலரும் உட்கார்ந்திருப்போம். பாஸ்புத்தகம், ஆதார் அட்டை, சங்கத்துப் புத்தகம், காப்பீட்டுப் பத்திரம் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்போம். தண்டல் கணக்கு வைத்திருப்பவர்களும் கூச்சப்படாமல் அட்டையைக் கொண்டுவரலாம். இன்னும் எத்தனை நாள், எவ்வளவு என்று தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறோம். கணவனும் மனைவியும் சேர்ந்து வந்தால் மிகவும் நல்லது. கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கண்ணாடியையும் எடுத்துவரவும்.